அப்பாவின் மரப்பெட்டியும் திங்கட்கிழமை இருமலும்

மார்கழி பிறந்து பத்து நாள் ஆவதற்குள் எங்கள் வீட்டுத் திண்ணைக்கு நான்கைந்து பேராவது வந்துவிடுகிறார்கள். "ஏனுங் மாமா, அப்பாரு பொட்டியில சளிக்கு உருண்டை இன்னும் இருக்குதுங்களா?" என்பதுதான் எல்லோருடைய கேள்வியும். அப்பாரு என்று அவர்கள் சொல்வது என் அப்பாவை. அஞ்சல் துறையில் 34 ஆண்டுகள் வேலை பார்த்துக் கவுந்தப்பாடியில் ஓய்வுபெற்ற அவர், 2014இல் காலமாகும்வரை காலையும் மாலையும் திண்ணையில் உட்கார்ந்து ஹோமியோபதி மருந்து கொடுத்துவந்தார். பட்டம் கிடையாது, யாரிடமும் காசு வாங்கியதும் கிடையாது. பதிவு பெறாமல் வைத்தியம் பார்ப்பது சட்டப்படி தவறு என்பது அவருக்கும் தெரியும். ஆனால் அந்தக் காலத்தில் இந்தியா முழுவதும் அஞ்சல் அலுவலகத்திலும் ரயில்வேயிலும் பள்ளிக்கூடத்திலும் வேலை பார்த்தவர்களில் இப்படிப் பெட்டி வைத்திருந்தவர்கள் ஏராளம். புத்தகமும் மருந்தும் கல்கத்தாவிலிருந்து வி.பி.பி. பார்சலில் வரும், பார்சலைப் பிரித்துப் பார்க்கும் ஆசை அஞ்சல்காரருக்கு மற்றவர்களைவிடச் சற்றுக் கூடுதலாகவே இருந்திருக்கும்.

பெட்டி தேக்கு மரத்தில் செய்தது. உள்ளே ஐந்து வரிசைகளில் 60 குப்பிகள், ஒவ்வொன்றுக்கும் தக்கை மூடி, மூடியின்மேல் ஊதா மையில் மருந்தின் சுருக்கப் பெயரும் வீரியமும். கூடவே நீள வாக்கில் மடித்த கணக்குப் புத்தகங்கள் பதினொன்று. வந்தவரின் பெயர், தேதி, தொந்தரவு, கொடுத்த மருந்து, பிறகு என்ன ஆயிற்று என்று ஐந்து பத்தி பிரித்து எழுதியிருக்கிறார். இந்த வருடம் அந்தப் புத்தகங்களை முழுவதுமாகப் படித்து முடித்தேன். மூன்றில் இரண்டு பங்கு சளியும் இருமலும் இழுப்பும்தான். அதைப் பற்றி எழுதவேண்டும் என்று தோன்றியது.

ஹோமியோபதிக்காரர் சளி என்ற ஒன்றை ஏற்றுக்கொள்வதில்லை. சளி பிடித்தவர்களைத்தான் ஏற்றுக்கொள்வார். "சளிங்க" என்று சொன்னவுடன் மருந்து எடுத்துவிடாமல், மூக்கில் ஒழுகுவது எரிகிறதா, கண்ணில் ஒழுகுவது எரிகிறதா என்று அப்பா கேட்பார். வெங்காயம் உரிக்கும்போது கண்ணிலும் மூக்கிலும் தண்ணீர் கொட்டுமல்லவா. அதே மாதிரியான சளிக்கு வெங்காயத்திலிருந்தே செய்த அல்லியம் சீப்பா என்பது கணக்கு. மூக்கு நீர் பட்டு மேலுதடு புண்ணாகிக் கண்ணீர் மட்டும் எரியாமல் வழிந்தால் அல்லியம் சீப்பா. அப்படியே தலைகீழாக, கண்ணீர் எரிந்து மூக்கு நீர் எரியாமல் இருந்தால் யூப்ரேசியா. மூக்கிலிருந்து வருவது தண்ணீர்போல எரிந்து, உடம்பு குளிர்ந்து, மடக்கு மடக்காக வெந்நீர் கேட்டு, நடுச்சாமத்துக்குப் பிறகு மனம் கிடந்து தவித்தால் ஆர்செனிகம் ஆல்பம். கெட்டியாக, மஞ்சளாகி, எரிச்சல் இல்லாமல் வந்து, தாகமே எடுக்காமல், அழுதுகொண்டே அம்மாவின் இடுப்பைவிட்டு இறங்காத குழந்தைக்குப் பல்சட்டில்லா.

இருமலுக்கு இதைவிட நுணுக்கமாகக் கேட்பார். வறட்டு இருமல் இருமும்போது நெஞ்சைக் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, அசைந்தாலே கூடுகிறது என்று படுத்துக்கிடந்து, ஒரு சொம்புத் தண்ணீரை ஒரே மூச்சில் குடிக்கிறவர்களுக்குப் பிரையோனியா. பலகையை ரம்பத்தால் அறுப்பதுபோலச் சத்தம் வந்தால் கடற்பஞ்சைச் சுட்டுச் செய்த ஸ்பாஞ்சியா. தலையணையில் தலை சாய்த்ததும் தொடங்கி, மூச்சுவிட நேரமில்லாமல் அடுக்கடுக்காக இருமினால் டிரோசிரா. நெஞ்சில் சளி கடகடவென்று ஓடியும் வெளியே எடுக்கத் தெம்பில்லாமல் சோர்ந்து கிடந்தால் ஆன்டிமோனியம் டார்ட். இருமும்போதெல்லாம் குமட்டி, நாக்கு மட்டும் சுத்தமாக இருந்தால் இபிகாக். இழுப்பு வரும் நேரத்தை வைத்தும் மருந்து பிரிப்பார்கள்: இரவு 12 முதல் 2 மணிவரை என்றால் ஆர்செனிகம், 3 மணி என்றால் காலி கார்ப், விடியற்காலை 4, 5 மணி என்றால், அதுவும் ஈரக்காற்றில் கூடினால், நேட்ரம் சல்ப். கரப்பான் பூச்சியிலிருந்து செய்யும் பிளாட்டா ஓரியன்டாலிஸ் என்ற இழுப்பு மருந்தும் பெட்டியில் உண்டு. எது என்று தெரியாமல் அதைச் சாப்பிட்டுவிட்டுப் பிறகு கேட்டு அறிந்த என் சித்தப்பா ஒருவர் மூன்று நாள் எங்கள் வீட்டில் காப்பிகூடக் குடிக்கவில்லை. (காப்பி குடிப்பதற்கும் தடை இருந்தது வேறு விஷயம். காப்பி, கற்பூரம், நெஞ்சில் தேய்க்கும் தைலம் மூன்றும் மருந்தைக் கெடுத்துவிடும் என்பது விதி. காப்பியை நிறுத்தச் சொன்னதாலேயே இரண்டாம் முறை வராதவர்கள் உண்டு.)

இவ்வளவையும் நான் ஆசையாகவே எழுதுகிறேன். இருமலை இத்தனை பொறுமையாகக் காது கொடுத்துக் கேட்டவர்களை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. எந்த நேரத்தில் வருகிறது, படுத்தால் கூடுகிறதா உட்கார்ந்தால் கூடுகிறதா, எதைச் சாப்பிட்டபின், எந்தக் காற்றில், என்ன நிறத்தில் என்று ஒரு மனிதரிடம் இருபது நிமிடம் கேட்டுக்கொண்டிருந்தால், உண்மையில் நோயின் பாதி முகம் தெரிந்துவிடும். எனக்கு இருக்கும் சிக்கல் அந்தக் கேள்விகளோடு இல்லை. கேட்டு முடித்தபின் கை பெட்டிக்குள் போகிறதே, அங்குதான்.

ஜெர்மானிய மருத்துவரான சாமுவேல் ஹானிமன், 1790இல் ஒரு மருந்து நூலை மொழிபெயர்த்துக்கொண்டிருந்தபோது, மலேரியாவுக்குக் கொடுக்கும் சின்கோனா பட்டையைத் தானே சாப்பிட்டுப் பார்த்தார். மலேரியாவைப்போன்ற குறிகள் தன் உடம்பில் தோன்றியதாக எண்ணி, நலமாக இருப்பவருக்கு ஒரு நோயின் குறிகளை உண்டாக்கும் பொருளே அந்தக் குறிகளுள்ள நோயாளியைக் குணமாக்கும் என்ற முடிவுக்கு வந்தார். 1810இல் ஆர்கனான் என்ற நூலாக அது வெளிவந்தது. மருத்துவர்கள் நோயாளியின் ரத்தத்தைக் கிண்ணக்கணக்கில் வடித்தும் பாதரசம் ஊட்டியும் வைத்தியம் செய்த காலம் அது. ஹானிமனிடம் போனவர்கள் அந்தக் கொடுமையிலிருந்தாவது தப்பித்தார்கள் என்பதை மறுக்க முடியாது.

ஆனால் மருந்தைக் கரைக்கக் கரைக்க வீரியம் கூடும் என்பது அவருடைய இரண்டாவது கொள்கை. மூலப்பொருளைச் சாராயத்தில் ஊறவைத்து எடுக்கும் தாய்த்திரவத்தில் ஒரு பங்கு எடுத்து 99 பங்கு சாராயத்திலோ நீரிலோ கலந்து குலுக்கினால் 1 சி. அதில் ஒரு பங்கை மறுபடி 99 பங்கில் கலந்தால் 2 சி. இதை நம் ஊர் அளவில் சொல்கிறேன். பவானிசாகர் அணை நிரம்பினால் 32.8 டி.எம்.சி. தண்ணீர். ஒரு மில்லிக்கு 20 சொட்டு என்று வைத்து அதைச் சொட்டுகளாக எண்ணினால், 1க்குப் பின் 16 சுழியங்கள் போட்ட எண்ணைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு வரும். ஆகவே நிரம்பிய அணையில் ஒரு சொட்டு மருந்தை விட்டுக் கலக்க முடிந்தால், நமக்குக் கிடைப்பது 8 சி வீரியத்துக்குச் சற்று மேல். அப்பாவின் பெட்டியில் மிகக் குறைந்த வீரியமே 6, பெரும்பாலானவை 30, பத்துப் பன்னிரண்டு குப்பிகள் 200. எந்தப் பொருளையும் பிரித்துக்கொண்டே போனால் மூலக்கூறு என்ற கடைசித் துகளில் போய் நிற்கும். 12 சி அளவைத் தாண்டும்போது மூலப்பொருளின் ஒரு மூலக்கூறுகூட மிஞ்சும் வாய்ப்பு ஏறக்குறைய இல்லாமல் போகிறது. மூலக்கூறுகளின் எண்ணிக்கையை முதலில் கணக்கிட்டது 1865இல். ஹானிமன் இறந்தது 1843இல். அவரைக் குற்றம் சொல்வதற்கில்லை. நமக்கு அந்தச் சலுகை கிடையாது.

போன ஆவணியில் பெட்டியைத் துடைக்க இறக்கியபோது ஆர்செனிகம் 30 குப்பியின் தக்கை சுருங்கி உள்ளே எறும்பு புகுந்திருப்பதைப் பார்த்தேன். ஆர்செனிகம் என்றால் பாஷாணம்தான். உருண்டைகள் பாதி காலியாகியிருந்தன. எறும்புகள் வரிசை குலையாமல் சர்க்கரையைச் சுமந்துகொண்டு சன்னல் வழியே போய்க்கொண்டிருந்தன.

இங்கே ஒரு வேறுபாட்டைச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் கடையில் இரண்டும் ஒரே அலமாரியில் இருக்கின்றன. கியூ என்று எழுதிய தாய்த்திரவங்களும் 1 எக்ஸ், 2 எக்ஸ் போன்ற (ஒவ்வொரு முறையும் பத்தில் ஒரு பங்காகக் கரைத்த) குறைந்த வீரியங்களும் வெறும் சர்க்கரை அல்ல. அவற்றில் சரக்கு இருக்கிறது. நம் பக்கம் வேலியோரத்தில் வளரும் ஆடாதொடையை எடுத்துக்கொள்ளுங்கள். ஆடு தொடாத அதன் இலையில் வாசிசின் என்ற பொருள் இருக்கிறது. சளியை இளக்குவதற்கு ஆங்கில மருந்துக் கடையில் விற்கும் புரோம்ஹெக்சின் அதிலிருந்து வழிவந்த மருந்துதான். ஹோமியோபதியில் ஜஸ்டீசியா அடாதோடா கியூ என்று வாங்கினால் சாராயத்தில் ஊறிய ஆடாதொடைச் சாறு கிடைக்கும். ஜஸ்டீசியா 30 என்று வாங்கினால் சாராயம் கிடைக்கும். முன்னது மூலிகை வைத்தியம். ஹோமியோபதிப் பெயரில் வருகிறது, அவ்வளவுதான். சரக்கு இருந்தால் பக்கவிளைவும் இருக்கும். சளிக்காக மூக்கில் போடும் துத்தநாக மருந்து ஒன்று ஹோமியோபதி என்ற பெயரில் அமெரிக்காவில் விற்றுக்கொண்டிருந்தது. பலர் மோப்பம் போனதாகப் புகார் செய்ததால், அதைப் பயன்படுத்த வேண்டாம் என்று அந்நாட்டு மருந்துத் துறை 2009இல் எச்சரித்தது. "ஹோமியோவில பக்கவிளைவே இல்லீங்க" என்பவர்கள் குப்பியின்மேல் உள்ள எண்ணைப் பார்த்துவிட்டுச் சொல்வது நல்லது.

சோதனைகள் என்ன சொல்கின்றன என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். குழந்தைகளின் சளி, இருமல் முதலிய சுவாசத் தொற்றுகளுக்கு ஹோமியோபதி மருந்து கொடுத்துப் பார்த்த 8 ஆய்வுகளை, மொத்தம் 1,562 குழந்தைகள், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் குழுவினர் 2018இல் ஆராய்ந்தார்கள். நல்ல முறையில் நடந்த ஆய்வுகளில் வெறும் உருண்டைக்கும் மருந்து உருண்டைக்கும் வேறுபாடு தெரியவில்லை. பிரிட்டனின் அரசு மருத்துவத் துறை 2017இல் இதற்குப் பணம் செலவிடுவதை நிறுத்தச் சொன்னது. நம் நாட்டில் நிலைமை வேறு. 1973இலேயே இதற்கென்று மையச் சட்டம் வந்துவிட்டது. கல்லூரிகள் உண்டு, அரசு மருத்துவமனைகளில் தனிப்பிரிவு உண்டு. 2020 ஜனவரி இறுதியில் ஆயுஷ் அமைச்சகமே ஆர்செனிகம் ஆல்பம் 30ஐக் கொரோனாவுக்கு முன்தடுப்பாகச் சொன்னபோது எங்கள் வீட்டுக்கு வந்த கூட்டத்தை நான் மறக்க முடியாது. கேட்ட சொந்தக்காரர்கள் சிலருக்கு நானும் எடுத்துக் கொடுத்தேன். அதைச் சாப்பிட்ட தைரியத்தில் ஒருவர் முகக்கவசம் இல்லாமல் ஈரோட்டு மஞ்சள் மண்டிக்குப் போய்வந்ததைப் பிறகு கேள்விப்பட்டேன். அவருக்கு எதுவும் ஆகவில்லை. ஆகாமல் போனது அவர் அதிர்ஷ்டம், என் அதிர்ஷ்டமும்கூட.

அப்படியானால் அப்பாவிடம் வந்தவர்களுக்கு எப்படிக் குணமாயிற்று? கணக்குப் புத்தகத்தின் ஐந்தாவது பத்தியில் "குணம்" என்ற சொல் நூற்றுக்கணக்கான இடங்களில் இருக்கிறது. தேதிகளை ஒப்பிட்டுப் பார்த்தேன். சாதாரண சளி வைரஸால் வருவது. இரண்டாம் மூன்றாம் நாளில் உச்சத்துக்குப் போய், ஒரு வாரம் பத்து நாளில் அடங்கிவிடும். நம் ஆட்கள் முதல் நாள் சுக்குக் காப்பி, இரண்டாம் நாள் கொள்ளு ரசம், நொச்சி இலை ஆவி என்று பார்த்துவிட்டு, மூன்றாம் நாள் தாங்க முடியாமல்தான் திண்ணைக்கு வருவார்கள். மூன்றாம் நாள் என்ன கொடுத்தாலும் ஐந்தாம் நாள் தேவலாம் என்றுதான் இருக்கும். இதை நிரூபிக்கும் சாட்சியும் பெட்டியிலேயே இருக்கிறது. எஸ்.எல். என்று எழுதிய பெரிய கண்ணாடிப் புட்டி ஒன்று. எதுவும் ஏற்றாத வெறும் உருண்டைகள். ஒரு மருந்து கொடுத்துவிட்டு அடுத்ததுக்கு முன் சில நாள் காத்திருக்க வேண்டிய நேரத்தில், நோயாளியின் மனத் திருப்திக்காக இப்படி வெறும் சர்க்கரை கொடுப்பது ஹோமியோபதியில் பழைய வழக்கம்தான். எஸ்.எல். கொடுத்த பக்கங்களிலும் "குணம்" என்றே எழுதியிருக்கிறார். இரண்டையும் அடுத்தடுத்துப் படித்தபோது அவருக்கு என்ன தோன்றியிருக்கும் என்று கேட்க இப்போது அவர் இல்லை.

ஒன்றை மட்டும் அவருக்குச் சாதகமாகச் சொல்வேன். "ஊசி போட்டாத்தானுங்க கேக்கும்" என்று அடம்பிடிக்கும் ஊரில், வைரஸ் சளிக்குப் பயனே இல்லாத ஆன்டிபயாட்டிக் மாத்திரைகளிலிருந்தும், கலர் கலரான இருமல் தண்ணீர்களிலிருந்தும் நூற்றுக்கணக்கான குழந்தைகளை அந்த உருண்டைகள் ஒதுக்கி வைத்தன. 2025இல் இருமல் மருந்தில் டை எத்திலீன் கிளைகால் என்ற நச்சு கலந்திருந்து மத்தியப் பிரதேசத்தில் குழந்தைகள் இறந்த செய்தி வந்த வாரத்தில், என் பக்கத்து வீட்டு மருமகள் சிரப் புட்டிகளை எல்லாம் குப்பையில் போட்டுவிட்டு ஹோமியோ டாக்டரிடம் போனாள். அவளைத் தவறு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. சும்மா இருந்தால் தானே போகிற நோய்க்குச் சும்மா இருக்க மனிதர்களால் முடிவதில்லை. சர்க்கரை உருண்டை அதற்கு உதவியது.

தானே போகாத நோய்தான் பிரச்சினை.

1998ஆம் ஆண்டு ஆடி மாதம். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று மண்ணை வாரி அடித்துக்கொண்டிருந்தது. என் தங்கையின் மகளுக்கு அப்போது ஆறு வயது. விடுமுறைக்கு வந்த இடத்தில் இழுப்பு கண்டது. அப்பா ஆர்செனிகம் கொடுத்தார். முதல் இரவு உட்கார்ந்தபடியே தூங்கினாள். மறுநாள் பிளாட்டா. இரண்டாம் நாள் இரவு பதினொரு மணிக்கு அவளால் ஒரு வாக்கியத்தை முழுதாகச் சொல்ல முடியவில்லை. இரண்டு சொல்லுக்கு ஒரு மூச்சு வாங்கினாள். கழுத்துக் குழி உள்ளே இழுத்தது. சற்று நேரத்தில் இழுப்புச் சத்தம் குறைந்தது. "சத்தம் அடங்கிருச்சு, மருந்து வேலை செய்யுது" என்று அப்பா சொன்னார். காற்றே போகாததால்தான் சத்தம் அடங்கியது என்பது அன்றைக்கு எங்களில் யாருக்கும் தெரியாது. உதடு நீலம் பாய்வதை என் அம்மாதான் பார்த்தார். "சாமி, கண்ணத் தொறடி" என்று அவர் கத்திய சத்தத்தில் தெருவே விழித்தது. வாடகை அம்பாசடரில் ஈரோட்டுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்து, ஆக்சிஜனும் நெபுலைசரும் வைத்து, விடியும்போது அவள் தண்ணீர் கேட்டாள். அன்றைய தேதிக்குக் கணக்குப் புத்தகத்தில் அவள் பெயர் இருக்கிறது, மருந்தின் பெயர் இருக்கிறது. ஐந்தாவது பத்தி வெறுமையாக இருக்கிறது.

அவள் இன்றைக்குக் கோயம்புத்தூரில் வேலை பார்க்கிறாள். காலையும் மாலையும் இன்ஹேலர் எடுத்துக்கொள்கிறாள். ஆஸ்துமா என்பது மூச்சுக்குழாயின் உட்சுவர் வீங்கிச் சுருங்குவது. வீக்கத்தைக் குறைக்கும் ஸ்டீராய்டு மருந்தைத் தினமும் உள்ளே இழுப்பதும், திடீர் இழுப்புக்கு மூச்சுக்குழாயை உடனே விரிக்கும் சால்புட்டமால் வைத்துக்கொள்வதும்தான் அதற்கு வழி. இன்ஹேலர் பழகிவிடும், கடைசி மருந்து என்றெல்லாம் நம் பக்கம் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். சிறு அளவின் மகிமையை நம்பியவர்களுக்கு ஒரு கணக்கு: ஒரு இழுப்பில் வரும் புடசனைடு என்ற ஸ்டீராய்டு 100 மைக்ரோகிராம், அதாவது ஒரு கிராமில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு. அந்தத் தூசியளவு மருந்தில் லட்சம் கோடியின் லட்சம் மடங்குக்கு மேல் மூலக்கூறுகள் இருக்கின்றன. சிறிது என்பதும் இல்லை என்பதும் வேறு வேறு. நடுச்சாமத்திலும் விடியற்காலையிலும் இழுப்பு கூடுவது ஆஸ்துமாவின் பொதுக்குணம் என்பதைப் பிற்பாடு ஒரு நெஞ்சக மருத்துவர் எனக்கு விளக்கினார். ஆர்செனிகத்துக்கும் நேட்ரம் சல்ப்புக்கும் அடையாளமாக அப்பா குறித்துவைத்த மணி நேரங்கள் எல்லாம் நோயின் அடையாளங்கள்தாம்.

கேள்வி சரியாக இருந்தும் விடை தவறிப்போனதற்குப் புத்தகத்தில் இன்னும் இரண்டு சாட்சிகள் கிடைத்தன.

முதலாவது எங்கள் அத்தை முறை வேண்டும் ஒருவர். ஏழு மாதமாக வறட்டு இருமல். தொண்டையில் இறகு வைத்துத் தடவுவதுபோல இருக்கிறது என்று அவர் சொன்னதைச் சொன்னபடி அப்பா எழுதியிருக்கிறார். பிரையோனியா, டிரோசிரா, ருமெக்ஸ், பாஸ்பரஸ் என்று மாற்றி மாற்றிக் கொடுத்திருக்கிறார். எதுவும் கேட்கவில்லை. கடைசியில் வேறு காரியமாகப் போன இடத்தில் ஒரு மருத்துவர், ரத்த அழுத்தத்துக்கு என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று ஒரே கேள்வி கேட்டார். எனலாப்ரில். அந்த வகை மாத்திரைகள் பத்தில் ஒருவருக்கு ஏறக்குறைய இப்படி வறட்டு இருமலைக் கொண்டுவரும். மாத்திரையை மாற்றி எழுதிக் கொடுத்தார். மூன்று வாரத்தில் இருமல் நின்றது. அப்பா இருபது கேள்வி கேட்டும், இந்த இருபத்தொன்றாவது கேள்வி அவருடைய புத்தகத்தில் இல்லை.

இரண்டாவதுதான் என்னைத் தூங்கவிடாமல் செய்தது. நான் பல்லடம் பக்கம் ஒரு நூற்பாலையில் கணக்குப் பிரிவில் 26 ஆண்டுகள் வேலை பார்த்தவன். அங்கே புளோ ரூமில் இருந்த ஒருவரை நானே அப்பாவிடம் அழைத்து வந்திருக்கிறேன். பஞ்சுப் பேலை உடைத்து உதறும் இடம் புளோ ரூம். அதற்கு அடுத்தது கார்டிங். மூக்கில் துணி கட்டாமல் அங்கே கால்மணி நேரம் நின்றால் இமை மயிரில் வெள்ளை படியும். அந்த மனிதருக்கு நெஞ்சில் கல் வைத்ததுபோல இறுக்கமும் இருமலும். அப்பா கேட்டார்: எப்போது கூடுகிறது? "திங்கக்கெழமை ஆனா புடிச்சுக்குதுங்க ஐயா. செவ்வா, புதன்ல தேவலாம். ஞாயித்துக்கெழமை நல்லாவே இருக்குதுங்க." அப்பா அதை அழகான கையெழுத்தில் எழுதி, கீழே கோடு போட்டு, வாரம் ஒருமுறை திரும்ப வரும் தொந்தரவுக்குரிய மருந்தைத் தேடிப் பிடித்துக் கொடுத்திருக்கிறார். நான்கு முறை.

திங்கட்கிழமை என்பது மருந்தின் குறி அல்ல. பருத்தித் தூசியால் வரும் பிசினோசிஸ் என்ற நுரையீரல் நோயின் முகவரியே அதுதான். வார விடுமுறை கழித்து முதல் நாள் ஷெட்டுக்குள் நுழைந்ததும் நெஞ்சு இறுகும். நாள் போகப்போகத் தளரும். வருடங்கள் ஆக ஆக மற்ற நாட்களுக்கும் பரவி, கடைசியில் விடுமுறையிலும் விடாது. (எங்கள் மில்லில் வார விடுமுறை ஆளுக்கொரு நாள் மாறும், ஆகவே புதன்கிழமை விடுமுறை எடுத்தவருக்கு வியாழக்கிழமைதான் திங்கட்கிழமை. கேட்பவர்கள் கிழமையைக் கேட்காமல் விடுமுறைக்கு மறுநாளா என்று கேட்கவேண்டும்.) இழப்பீட்டுக்குரிய தொழில்நோய்களின் பட்டியலில் இது இருக்கிறது, ஈ.எஸ்.ஐ. அட்டை உள்ளவர்கள் கோரலாம். நீலகிரியின் பைக்காரா நீர்மின்சாரம் வந்த 1930களிலிருந்து ஊருக்கு ஊர் மில் எழும்பிய நம் பகுதியில், இந்தப் பெயரைத் தெரிந்துவைத்திருக்கும் தொழிலாளியை நான் விரல்விட்டு எண்ணிவிடுவேன். நான் வேலை பார்த்த இடத்திலும் அது "சளி" என்றே விடுப்புப் படிவத்தில் எழுதப்பட்டது. எழுதியவர்களில் நானும் ஒருவன். அந்த மனிதர் பிறகு தானாகவே வேலையை விட்டு ஆடு வாங்கினார். ஓரளவு தேறினார். மேட்டில் ஏறும்போது இப்போதும் நின்று நின்றுதான் ஏறுகிறார்.

காசநோயைப் பற்றி ஒரு வரி போதும். இரண்டு வாரத்தைத் தாண்டிய இருமல் எதுவானாலும், ஆரம்ப சுகாதார நிலையத்தில் சளிப் பரிசோதனை இலவசம், மருந்தும் இலவசம். பெருந்துறை சானடோரியத்துக்கு ஆள் அனுப்பிவிட்டு அழுத தலைமுறை போய்விட்டது. இன்றைக்கு ஆறு மாத மாத்திரையில் தீருகிற நோயை உருண்டையோடு வீட்டில் வைத்துக்கொண்டிருப்பது மற்றவர்களுக்கும் சேர்த்துச் செய்கிற கெடுதி.

1998க்குப் பிறகு அப்பா மாறினார், ஆனால் பெட்டியை மூடவில்லை. நொடி முள் உள்ள பழைய கைக்கடிகாரம் ஒன்றை வாங்கிப் பெட்டியின் மேலேயே வைத்துக்கொண்டார். குழந்தையோடு வருபவர்களைச் சட்டையைத் தூக்கச் சொல்லி, அழுகை அடங்கும்வரை காத்திருந்து, வயிறு ஏறி இறங்குவதை ஒரு நிமிடம் முழுவதும் எண்ணுவார். அரை நிமிடம் எண்ணி இரண்டால் பெருக்கமாட்டார். இரண்டு மாதத்துக்குக் குறைந்த சிசு என்றால் 60, ஒரு வயதுவரை 50, ஐந்து வயதுவரை 40; அந்த எண்ணைத் தொட்டாலோ, விலாவுக்குக் கீழே உள்ளிழுத்தாலோ, பால் குடிக்க மறுத்தாலோ நிமோனியாவாக இருக்கலாம், உடனே கோபிக்கோ ஈரோட்டுக்கோ போங்கள் என்று அனுப்பிவிடுவார். இந்த எண்கள் உலகச் சுகாதார நிறுவனம் கிராமத்துச் செவிலியர்களுக்காக வகுத்தவை. ஊருக்கு வந்த ஒரு நர்சம்மாவிடம் கேட்டு, கடைசிக் கணக்குப் புத்தகத்தின் அட்டையில் பெரிதாக எழுதி வைத்திருக்கிறார்.

பெட்டியில் எனக்குப் பயன்படுவது இப்போது அந்தக் கடிகாரம்தான். பெரியவர்களுக்கு உப்புத் தண்ணீர் கொப்பளிக்கவும், ஒரு வயது கடந்த குழந்தைகளுக்குப் படுக்கும்முன் அரைத் தேக்கரண்டித் தேன் கொடுக்கவும் சொல்கிறேன். ஒரு வயதுக்குள் தேனே கூடாது என்பதையும் சேர்த்து. ரத்த அழுத்த மாத்திரை என்ன, எங்கே வேலை, எத்தனை வாரமாக என்று மூன்று கேள்வி கேட்கிறேன். அதற்குமேல் எனக்குத் தெரியாது, தெரிந்ததாகக் காட்டிக்கொள்வதும் இல்லை.

போன வியாழக்கிழமை பெருந்தலையூர்ப் பக்கமிருந்து ஒரு பெண் மூன்று வயதுப் பையனைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தாள். பையன் சோர்ந்திருந்தான். எண்ணிப் பார்த்தேன், 46. மறுபடி எண்ணினேன், 47. கோபி அரசு மருத்துவமனைக்குப் போகச் சொல்லி, பஸ்ஸுக்குக் காத்திருக்க வேண்டாம் என்று தெரிந்த ஆட்டோக்காரருக்குத் தொலைபேசியில் சொன்னேன். ஆட்டோ வருவதற்குள் அவள் பெட்டியைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவனுக்கு ஒண்ணும் வேண்டாமம்மணி, டாக்டர் பார்த்துக்குவாங்க" என்றேன்.

"அவனுக்கில்லீங்க மாமா. எனக்கு நாலு கொடுங்க. நெஞ்செல்லாம் படபடங்குது."

எஸ்.எல். புட்டியின் மூடியைத் திருகி, நான்கு உருண்டைகளை எண்ணி அவள் உள்ளங்கையில் போட்டேன்.